பழைய ஆர்கேட் மெஷின்: ஏலத்தில் எதற்கு விலை கொடுக்கிறோம்?

2021 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பேனிங் நகரில் இருந்த பின்பால் அருங்காட்சியகத்தின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெஷின்கள். பின்பாலோடு, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷின்களும் வரிசை வரிசையாக நின்றன. பல ஆண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தவை சில நாட்களில் ஆளுக்கொன்றாய்ப் பிரிந்துபோயின. அங்கே விலைக்குப் போட்டி கடுமையாக இருந்தது. 1990-களின் நடுவிலோ இதே ரக மெஷின்களைச் சில நூறு டாலருக்குத் தள்ளிவிட அமெரிக்க உரிமையாளர்கள் அலைந்தார்கள். அதற்கும் ஆள் வராத பெட்டிகள் உடைந்து குப்பைக்குப் போயின.

இந்த முப்பது ஆண்டுகளில் மெஷின் மாறவில்லை, பழசானதுதான் மிச்சம். பிறகு ஏலக் கூடத்தில் கையைத் தூக்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்? விளையாட்டுக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1997-இல் மேம் என்ற மென்பொருள் வெளிவந்ததிலிருந்து அந்த விளையாட்டுகளைச் சாதாரணக் கணினியிலேயே ஆட முடிகிறது. விளையாட்டுக்காக மட்டும் நூற்றைம்பது கிலோ எடையை யாரும் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வர வேண்டியதில்லை. இனி எவராலும் புதிதாகச் செய்து தர முடியாதவற்றுக்குத்தான் விலை கொடுக்க வேண்டும் என்பது என் முடிவு. பிக்சர் டியூப், அன்றைய மரப்பெட்டி, கத்தரி படாத பழைய வயர். ஏலத்தில் நடக்கும் தவறுகளில் பாதி, இவற்றைப் பார்க்காமல் மேலே ஒளிரும் பெயர்ப்பலகையைப் பார்த்து விலை கேட்பதால் வருகின்றன.

இதைப் புரிந்துகொள்ள இந்த மெஷின்கள் யாருக்காகச் செய்யப்பட்டன என்று தெரிய வேண்டும். 1972-இல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் அடாரி நிறுவனம் தன் முதல் பாங் மெஷினை வைத்தது. சில நாட்களில் அது நின்றுவிட்டது. பழுது பார்க்கப் போனால், உள்ளே காசு நிரம்பி வழிந்ததுதான் காரணம். அன்று தொடங்கி இந்தத் தொழிலின் கணக்கு 25 சென்ட் காசில் ஓடியது. தயாரிப்பாளரிடம் மெஷினை வாங்கியவர் விளையாடுகிறவரல்ல, ஆபரேட்டர். அவர் அதைக் கடைகளிலும் உணவகங்களிலும் வைப்பார், வாரம்தோறும் வந்து பெட்டியைத் திறப்பார், வசூலைக் கடைக்காரரோடு பங்கு போட்டுக்கொள்வார். அவருக்கு அது உழவு மாடு மாதிரி. உழைக்கும்வரை தீவனம், உழைப்பு நின்றால் சந்தை.

புதிய விளையாட்டின் வசூல் சில மாதங்களிலேயே படுத்துவிடும். ஆனால் பெட்டியும் டியூப்பும் பவர் சப்ளையும் நன்றாகவே இருக்கும். எனவே விளையாட்டு அடங்கிய மின்சுற்றுப் போர்டை மட்டும் மாற்றி, மேலே புதிய படம் ஒட்டி, அதே பெட்டியை வேறு விளையாட்டாக்குவது வழக்கமானது. இதில் புகழ்பெற்ற கதை நிண்டெண்டோவுடையது. ரேடார் ஸ்கோப் என்ற விளையாட்டின் மூவாயிரம் பெட்டிகளை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். ஆயிரம் விற்றது, மீதம் கிடங்கில் தேங்கியது. அந்தப் பெட்டிகளுக்காகவே ஷிகெரு மியாமோடோ உருவாக்கியதுதான் 1981-இன் டாங்கி காங். சிவப்பு நிறத்தில் வந்த தொடக்கக் கால டாங்கி காங் பெட்டிகள் உடல் அளவில் ரேடார் ஸ்கோப்தான். அதனால்தான் சேகரிப்பாளர்கள் பின்னால் வந்த நீலப் பெட்டியைவிடச் சிவப்புக்கு முந்துகிறார்கள். மாற்றப்படாத ரேடார் ஸ்கோப்போ கண்ணில் படுவதே அரிது.

1985-இல் ஜப்பானில் ஜாமா என்ற பொது வயரிங் முறை வந்தபின் மாற்றுவது இன்னும் எளிதாயிற்று. ஒரே இணைப்பான், 56 முனைகள். பழைய போர்டை உருவி, புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. ஆபரேட்டருக்கு வசதி. ஆனால் அதற்கு முந்தைய காலத்துப் பெட்டிகளின் பழைய வயரிங்கை வெட்டி எறிந்துவிட்டு ஜாமா வயர் போட்டார்கள். பக்கவாட்டு ஓவியங்களின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள், கன்ட்ரோல் பேனலில் கூடுதல் பட்டன்களுக்காகத் துளை போட்டார்கள். 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது ஒரு ஆட்டக்காரருக்கு ஆறு பட்டன் தேவைப்பட்டது. எத்தனையோ எண்பதுகளின் பெட்டிகளில் அந்த ஓட்டைகளை இன்றும் பார்க்கலாம். இதற்காக ஆபரேட்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மாற்றியிராவிட்டால் பல பெட்டிகள் இன்றைக்கு உயிரோடே இருந்திருக்காது.

ஆகவே ஏலத்துக்கு வரும் சரக்கில் பிறந்தபடியே இருக்கும் பெட்டிகள் குறைவு, உடம்பு ஒன்றும் உயிர் ஒன்றுமாக மாற்றப்பட்டவை அதிகம். அண்மைக் காலத்தில் பழைய பெட்டிக்குள் அறுபது விளையாட்டு அடங்கிய மலிவான போர்டையும் தட்டைத் திரையையும் பொருத்தி, பளபளவென்று ஒட்டுப்படம் ஒட்டிய பெட்டிகளும் சேர்ந்துகொண்டன. இந்தக் கடைசி ரகத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். தூரத்திலிருந்து அசல் மிஸ் பாக்மேன் மெஷின் போலவே இருக்கும். கேட்டால் ‘ஒரிஜினல் பெட்டி’ என்பார்கள். அதில் பொய் இல்லை, பெட்டி மட்டும் ஒரிஜினல்.

இனி அமெரிக்காவில் ஏலம் நடக்கும் முறை. ‘உள்ளது உள்ளபடி’ என்பதுதான் பெரும்பாலான கூடங்களின் முதல் நிபந்தனை. வாங்கியபின் ஓடவில்லை என்று திருப்பித் தர முடியாது. கேள்வி தொடங்குமுன் பார்வையிட நேரம் ஒதுக்குவார்கள், சில மணி நேரமோ ஒரு முழு நாளோ. பலரும் அந்த நேரத்தை விளையாடிப் பார்ப்பதில் கழித்துவிடுகிறார்கள். ஏலம் கூறுபவர் வாய் ஓயாமல் அடுக்கிக்கொண்டே போவார். நம் ஊரில் ‘ஒருதரம், இரண்டுதரம்’ என்று மூச்சு வாங்க இடம் கொடுப்பதுபோல அங்கே கிடையாது. ஒரு மெஷின் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே நின்று யோசிக்க நேரமில்லை என்பதால், எவ்வளவு வரை போகலாம் என்பதைப் பார்வையிடும்போதே தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

எழுதும்போது கேள்வி விலையை மட்டும் எழுதினால் போதாது. வாங்குகிறவரிடமும் கூடம் விலையில் குறிப்பிட்ட சதவீதத்தைக் கட்டணமாக வசூலிக்கும், விற்பனை வரியும் உண்டு. ஆயிரம் டாலருக்குக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். கூடத்தின் கட்டணம் 15 சதவீதம், வரி 8 சதவீதம் என்றால் கையிலிருந்து போவது 1242 டாலர். வண்டி வாடகை, தூக்கும் ஆள்கூலி தனி. அன்றைக்கோ மறுநாளோ எடுத்துச் செல்லாவிட்டால் கிடங்கு வாடகையும் ஏறும். இன்னொன்று, விற்கிறவரும் கூட்டத்துக்குள்ளேயே நிற்கலாம். தன் சரக்கு அடிமாட்டு விலைக்குப் போவதைப் பார்த்தால் அவரே கேட்டுத் திருப்பி எடுத்துக்கொள்வார். எதிரே கேட்பவர் யார் என்று தெரியாதபோது அவரை வெல்வதற்காக ஐம்பது ஐம்பதாய் ஏற்றிக்கொண்டே போவது பணத்தைக் கொட்டுவதற்குச் சமம்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, இங்கே பார்க்க வேண்டியது பின்கதவு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினானாலும் அணைக்கச் சொல்லி, பின்னால் போய்க் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். சாவி தொலைந்த பெட்டிகள் ஏராளம், ஆனால் கூடத்து ஆட்கள் பெரும்பாலும் ஏதாவது வழி செய்து தருவார்கள். டார்ச் அடித்ததும் முதலில் வருவது வாசனை. காய்ந்த தூசியும் பழைய மரமும் கலந்த வாசனை என்றால் பரவாயில்லை. பூஞ்சை வாடை அடித்தால் ஈரத்தில் கிடந்த பெட்டி. அடுத்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். பல பெட்டிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி ஊதி, விரலால் தொட்டாலே உதிரும். நனைந்த பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. மேல்பாதி எவ்வளவு அழகாக இருந்தாலும், கீழே நான்கு அங்குல உயரத்துக்கு ஊதியிருந்தால் எழுதிவைத்த விலையிலிருந்து பாதியைக் கழித்துவிட வேண்டும்.

பிறகு வயர். தொழிற்சாலையில் கட்டிய வயர்க்கட்டு நிற வரிசையோடு, பிளாஸ்டிக் நாடாவால் கட்டப்பட்டு ஒழுங்காக ஓடும். நடுவில் வெட்டி, திருகி, கறுப்பு டேப் சுற்றிய இடங்கள் தெரிந்தால் அந்தப் பெட்டி பல கைகளைக் கடந்து வந்திருக்கிறது. ஒன்றிரண்டு ஒட்டு என்றால் சரிசெய்துகொள்ளலாம். முழுக் கட்டையும் வெட்டி எடுத்திருந்தால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் பெட்டிதான்.

போர்டில் எங்கே பார்ப்பது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். பாக்மேன் போர்டுக்குள் மாறுதிசை மின்சாரமே நேராக நுழைந்து, போர்டிலேயே நேர்திசை மின்சாரமாகிறது. அவ்வளவு மின்னோட்டமும் விளிம்பு இணைப்பானின் சில முனைகள் வழியே போவதால் அந்த இடம் சூடேறும். நாற்பது ஆண்டு ஓடிய பாக்மேனில் இணைப்பானைக் கழற்றிப் பார்த்தால், அந்த முனைகள் பழுப்பேறி, சில சமயம் கரியாகவே இருக்கும். திரையில் படம் ஆடி ஆடி வந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். டிஃபெண்டர், ஜவுஸ்ட், ரோபோட்ரான் போன்ற வில்லியம்ஸ் மெஷின்களில் அதிக மதிப்பெண்களையும் அமைப்புகளையும் நினைவில் வைக்க மூன்று பென்சில் பேட்டரிகள் இருக்கும். யாரோ கவனிக்காமல் விட்ட பேட்டரி கசிந்து, பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்து, செம்புத் தடங்களைத் தின்றிருக்கும். எண்பதுகளின் அடாரி மெஷின்களில் அடிப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பவர் சப்ளையில் பெரிய நீலநிறக் கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. பழுது பார்ப்பவர்கள் அதைப் ‘பெரிய நீலம்’ என்றே அழைப்பார்கள். வயதானால் அது சோர்ந்துவிடும், மெஷினில் விசித்திரமான குறைகள் தலைகாட்டும். மாற்றச் செலவு அதிகமில்லை. இதைத் தெரிந்தவர், ‘ஓடவில்லை’ என்று ஓரத்தில் ஒதுக்கிய அடாரியைத் துணிந்து கேட்பார்.

இதனால்தான் ஓடாத மெஷினைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்கிறேன். அக்காலத்துப் போர்டுகள் பெரும்பாலும் கடையில் கிடைத்த சிப்புகளால் ஆனவை. பாக்மேனின் மூளையான இசட்80 சிப் 1976-இல் வந்தது. 2024-இல்தான் ஸைலாக் நிறுவனம் அதன் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பழைய சரக்காக இன்னும் கிடைக்கிறது. மிஸ் பாக்மேன்கூட அதே பாக்மேன் போர்டுதான், இசட்80-இன் இருக்கையில் ஒரு துணைப் போர்டைச் செருகியிருப்பார்கள். அந்தத் துணைப் போர்டு இருக்கிறதா, அதன் பட்டை வயர் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

போர்டே கைவிடும் இடமும் உண்டு. கேப்காம் தன் விளையாட்டுகளை யாரும் நகலெடுக்கக் கூடாது என்று, திறவுகோலை ஒரு சிறு பேட்டரியின் தயவில் வாழும் நினைவகத்தில் வைத்தது. பேட்டரி இறந்தால் திறவுகோல் அழியும், போர்டு ஊமையாகும். சேகரிப்பாளர்கள் அதைத் ‘தற்கொலை பேட்டரி’ என்கிறார்கள். 1993-இல் வந்த சி.பி.எஸ்.-2 போர்டுகள் இதற்குப் பேர்போனவை. நம் ஊர் வீடியோ கேம் கடைகளில் ‘முஸ்தபா’ என்றே பெயர் பெற்ற கெடிலாக்ஸ் அண்ட் டைனசார்ஸ் விளையாட்டும் கேப்காமின் 1993 வெளியீடுதான். அதன் அசல் போர்டிலும் இப்படிப் பேட்டரி உண்டு. இறந்த போர்டுகளை மீட்கும் வழிகளை ஆர்வலர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் வாங்குமுன், பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டே ஆக வேண்டும்.

டியூப்புக்கு அந்த ஆறுதல் கிடையாது. ஆர்கேட் மெஷின்களுக்கான பிக்சர் டியூப்பை இன்று யாரும் புதிதாகத் தயாரிப்பதில்லை. கழுத்து உடைந்தாலோ உள்ளே பாஸ்பர் பூச்சு தேய்ந்தாலோ இன்னொரு பழைய டியூப்பைத் தேட வேண்டியதுதான். அணைந்திருக்கும் திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால், பாக்மேனின் சுவர்க்கோடுகள் கண்ணாடிக்குள் நிழலாகத் தெரியும். வருடக்கணக்கில் ஒரே படம் எரிந்து பதிந்த தடம் அது. பாக்மேன் பெட்டியில் பாக்மேன் தடம் இருந்தால் விளையாடும்போது உறுத்தாது. வேறு விளையாட்டு ஓடும் பெட்டியில் அந்தத் தடம் தெரிந்தால், அந்தப் பெட்டி முன்பு எதுவாக இருந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அடாரியின் ஆஸ்டிராய்ட்ஸ், டெம்பெஸ்ட் போன்றவை இன்னும் நுட்பமானவை. சாதாரணத் தொலைக்காட்சி மாதிரி திரை முழுவதையும் வரி வரியாக நிரப்பாமல், எலக்ட்ரான் கற்றையே பேனா போல நேராகக் கோடு கிழிக்கும். ஆஸ்டிராய்ட்ஸில் சுடும்போது அந்தப் புள்ளி கண்ணைக் கூசவைக்கும் அளவுக்குப் பிரகாசிக்கும். தட்டைத் திரையில் அந்த ஒளியை நான் எங்கும் கண்டதில்லை. டெம்பெஸ்டில் இருக்கும், இப்படி வண்ணத்தில் கோடு கிழிக்கும் வெக்டர் மானிட்டர் பழுதுக்குப் பேர்போனது. ஓடுகிறது என்றால் நம்பாமல், போட்டுக் காட்டச் சொல்லி, பத்து நிமிடமாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இந்த மானிட்டரைக் கழற்றி வீசிவிட்டுத் தட்டைத் திரை வைத்த டெம்பெஸ்டுக்கு நான் பாதி விலைகூடச் சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விடக் கூடாது. வண்ண டியூப்பின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட இடத்தில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். மெஷினை அணைத்தபின்னும் அது தங்கியிருக்கலாம். பழைய மானிட்டர்கள் பலவற்றுக்குத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், அது இல்லாமல் நேராக இணைத்தால் இரும்புச் சட்டமே ஷாக் அடிக்கும். பழகாதவர் பார்வையிடும்போது கண்ணால் பார்த்தால் போதும், கையை உள்ளே விட வேண்டாம். இந்தியாவுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்க மெஷின் 120 வோல்ட்டில் ஓடும், ஜப்பானியது 100 வோல்ட்டில். நம் வீட்டு 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

எந்த விளையாட்டுக்கு என்ன மதிப்பு? மிஸ் பாக்மேன் ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது, ஆனாலும் விலை இறங்கவில்லை. வீட்டில் எல்லோரும் ஆட விரும்பும் மெஷின் அது. அடாரியின் குவாண்டம் சுமார் ஐந்நூறுதான் வெளிவந்தது, சேகரிப்பாளர்கள் அதற்காக எவ்வளவும் கொடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவே, அதிகம் தயாராகாததும் யாரும் கேட்காததுமான விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அரிது என்ற ஒரு சொல்லுக்காக அவற்றுக்கு விலை ஏற்றுவது வீண்.

ஏலக் கூடத்துக்கு வெளியிலும் சரக்கு கிடைக்கிறது. ஜப்பானிலிருந்து சேகாவின் ஆஸ்ட்ரோ சிட்டி போன்ற வெள்ளைப் பெட்டிகள் கன்டெய்னரில் வந்து இறங்குகின்றன. வேல்ஸ் நாட்டுக் கரையில் தரைதட்டி நிற்கும் டியூக் ஆஃப் லங்காஸ்டர் என்ற பழைய கப்பல் ஒரு காலத்தில் கேளிக்கை இடமாக இருந்தது. அதற்குள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த மெஷின்களைப் பிரிட்டிஷ் ஆர்வலர்கள் கிரேன் வைத்து இறக்கினார்கள். இணையத்தில் படத்தைப் பார்த்து ஏலம் கேட்பதும் பெருகிவிட்டது. பின்கதவைத் திறக்க முடியாத ஏலம் எனக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த மெஷின்கள் பொது இடத்துக்காகப் பிறந்தவை. முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நின்று, அடுத்த முறை தன்னுடையது என்று காட்டத் திரையோரம் காசை வைத்துக் காத்திருந்த மெஷின் இப்போது ஒரு வீட்டின் நிலவறையில் தனியாக நிற்கிறது என்பது எனக்கு வருத்தம்தான். நியூ ஹாம்ப்ஷயரின் ஆர்கேட் கூடமான ஃபன்ஸ்பாட்டும், 2010-இல் இல்லினாயின் புரூக்ஃபீல்டில் தொடங்கிய கேலப்பிங் கோஸ்டும் இன்றும் நூற்றுக்கணக்கான பழைய மெஷின்களைப் பொதுமக்கள் ஆடுவதற்காக ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓட வைக்கும் கைகள் தனி ஆர்வலர்களின் கைகளே. அந்தக் கைகளுக்கு மெஷின் போய்ச் சேரும் வழிகளில் ஏலமும் ஒன்று. அதனால் ஏலத்தை நான் வெறுக்கவில்லை. ஓடும் நிலையில் இருக்கும் அசல் போர்டைப் பிடுங்கிவிட்டு அறுபது விளையாட்டுப் போர்டை வைத்து விற்பதைத்தான் வெறுக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு டார்ச்சும் அளவு டேப்பும் எடுத்துச் செல்லுங்கள், வீட்டு வாசலின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். நல்ல பெட்டி அமைந்தால் கசியக்கூடிய பென்சில் பேட்டரியை முதல் நாளே கழற்றுங்கள், ‘தற்கொலை பேட்டரி’யை மட்டும் தொடாதீர்கள். பழைய வயரை வெட்டாதீர்கள். ஏதாவது மாற்றியே தீர வேண்டும் என்றால், கழற்றிய போர்டையும் திருகாணிகளையும் ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, அதே பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு இந்த மெஷினைத் திறக்கப்போகிறவருக்கு அவை தேவைப்படும்.